மாற்றாள் விலகும் வேளை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தொலைபேசியைப் பற்றியது. தொலைபேசியைக் கண்டவர் யார், மனிதனின் குரல் எவ்வாறு மின்னலையாக மாறிக் கம்பி வழியே செல்கிறது என்பனவற்றையெல்லாம் நீங்கள் பாடநூல்களிலேயே கற்றிருப்பீர்கள். ஆகையால் அவற்றை விடுத்து, பாடநூல்களில் அதிகம் இடம்பெறாத ஒரு செய்தியைக் கூற விரும்புகிறேன். ஒரு வணிக நிலையத்தின் தொலைபேசி அமைப்பு பழுதுபடுகிறது. அதற்கென்று ஆயத்தமாக வைத்திருந்த மாற்று அமைப்பு உடனே அதன் வேலையை ஏற்றுக்கொள்கிறது. பின்னர்ப் பழுது நீங்குகிறது. இனி, மாற்று அமைப்பிடமிருந்து வேலையைத் திரும்பப் பெற்று, பழைய அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த ஒப்படைப்பு எவ்வாறு நிகழவேண்டும்? பழுது நேரும் கணத்தைக் காட்டிலும், பழுது நீங்கித் திரும்பும் கணமே பல சமயங்களில் ஆபத்து மிகுந்தது என்பது இத்துறையினர் பட்டறிந்த உண்மை. அதன் காரணத்தை ஆராய்வோம்.

முதலில், இந்தப் பொருளுக்கும் நம் மாவட்டத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிவிடுகிறேன். விருதுநகர் ஒரு வணிக நகரம். வற்றல், மல்லி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலையை அறிய, 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்ற சொற்றொடரைத் தமிழ்நாடு முழுவதும் உள்ள வணிகர்கள் காலங்காலமாக எதிர்பார்த்து வந்துள்ளனர். அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது சிவகாசி. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குறைந்த கரிசல் பூமியில் அவர்கள் ஊன்றிய விதை தீப்பெட்டியாகவும், பட்டாசாகவும், அச்சுத் தொழிலாகவும் கிளைத்தது. இந்தியாவில் செய்யப்படும் பட்டாசில் மிகப் பெரும்பகுதி இன்று இந்த வட்டாரத்திலிருந்தே செல்கிறது. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வடநாட்டு வணிகர்களின் அழைப்புகள் சிவகாசி அலுவலகங்களில் இடைவிடாது ஒலிக்கும். ஒரு மணி நேரம் தொலைபேசி ஊமையானால் அந்த ஆண்டின் வாணிபமே வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடும்.

வாணிபம் மட்டுமா? வெடிமருந்தோடு பழகும் ஊரில் தொலைபேசி உயிர்காக்கும் கருவியுமாகும். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்துவிட முடியாது. அத்தகைய வேளையில் தீயணைப்பு நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் செய்தி செல்வதில் ஒரு நிமிடம் தாழ்ந்தாலும் அதன் விலை மனித உயிர். ஆகவே, தொலைபேசி எப்போதும் பேசவேண்டும் என்னும் கவலை நம் ஊருக்கு மற்ற ஊர்களைவிடச் சற்று அதிகமாகவே இருக்கவேண்டும்.

'எப்போதும் பேசவேண்டும்' என்ற கொள்கை தொலைபேசித் துறையில் மிகப் பழையது. இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882-ஆம் ஆண்டில் தொலைபேசி நிலையங்கள் தொடங்கப்பட்டபோது, மனிதர்களே கையால் கம்பிகளை இணைத்தனர். ஒருவர் உடல்நலம் குன்றினால் மற்றொருவர் அந்த நாற்காலியில் அமர்ந்துவிடுவார். பின்னர், அமெரிக்காவில் ஸ்ட்ரௌஜர் என்பவர் 1891-இல் காப்புரிமை பெற்ற தானியங்கி முறை பரவியது. அதில் ஒரு கருவி கெட்டால் அதைப் பற்றிய ஓர் அழைப்புத்தான் கெடும். ஏனைய அழைப்புகள் தங்கு தடையின்றிச் செல்லும். கணிப்பொறி வந்த பின்னரோ நிலைமை மாறியது. நிலையம் முழுவதையும் ஒரே மூளை ஆளத் தொடங்கியது. மூளை நின்றால் ஊரே ஊமையாகும். எனவே, 1965-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சக்கசன்னா என்னும் ஊரில் முதல் பெரிய மின்னணுத் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டபோது, அதற்கு இரண்டு மூளைகளை வைத்தனர். 40 ஆண்டுகளில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் அது நின்றுவிடக்கூடாது என்பதே வடிவமைத்தவர்கள் வகுத்துக்கொண்ட இலக்கு. நம் நாட்டில் 1984-இல் நிறுவப்பட்ட சி-டாட் நிறுவனம், 128 இணைப்புகள் கொண்ட சிற்றூர்த் தொலைபேசி நிலையத்தை உருவாக்கி, 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதன்முதலாக நிறுவியது. மின்விசிறியும் குளிர்சாதனமும் இல்லாத சிற்றூர்க் கட்டடத்திலும் வேலைசெய்யவேண்டிய அந்தச் சிறு பெட்டியிலும் கட்டுப்பாட்டுப் பகுதி இரட்டையாகவே அமைக்கப்பட்டது.

இன்றைய வணிக அலுவலகத்தில் நிலையம் என்பது ஒரு கணிப்பொறி. மேசைகளில் உள்ள தொலைபேசிகள் யாவும் அந்தத் தலைமைக் கணிப்பொறியிடம், 'நான் இன்ன எண். நான் இங்கே இருக்கிறேன்' என்று பதிவு செய்துகொள்கின்றன. தலைமைக் கணிப்பொறிக்குத் துணையாக மற்றொன்று, அதே அறையிலோ வேறு ஊரிலோ, விழித்தபடி காத்திருக்கும். சில விநாடிகளுக்கு ஒருமுறை அது தலைமையை நோக்கி, 'நலமா?' என்று கேட்கும். தொடர்ந்து சில முறை விடை வராவிடில், தலைமை வீழ்ந்துவிட்டது என்று முடிவுசெய்து, வேலையைத் தான் ஏற்றுக்கொள்ளும். இந்த வினாவிடைக்குப் பொறியியலாளர்கள் இதயத் துடிப்பு என்றே பெயரிட்டுள்ளனர்.

இதனைப் பள்ளிக்கூட வழக்கத்தைக் கொண்டு விளக்கலாம். வகுப்பாசிரியர் விடுப்பில் செல்கிறார். மாற்றாசிரியர் ஒருவரை அனுப்புவது தலைமையாசிரியருக்குப் பெரிய வேலையன்று; யார் ஓய்வாக இருக்கிறார் என்று பார்த்து அனுப்பிவிடலாம். அந்த நேரத்தில் அவர் செய்யவேண்டுவதெல்லாம் வகுப்பு ஆளில்லாமல் இராதபடி பார்த்துக்கொள்வதே. ஆனால், பத்து நாள் கழித்து வகுப்பாசிரியர் திரும்பும்போது நிலைமை வேறு. எந்தப் பாடம் வரை நடந்தது? வருகைப் பதிவேட்டில் யார் யாருக்கு விடுப்புக் குறிக்கப்பட்டது? புதிதாகச் சேர்ந்த மாணவன் யார்? எந்தக் கட்டுரை திருத்தப்படாமல் கிடக்கிறது? இவற்றைக் கேட்டறியாமல் அவர் தாம் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினால், பத்து நாள் படிப்பும் மாணவர்களுக்குக் குழப்பமாகிவிடும். இருவரும் ஒரே மணியில் வகுப்புக்குள் நுழைந்துவிட்டாலோ, குழப்பம் இருமடங்காகும். முப்பத்தைந்து ஆண்டு பள்ளி வாழ்க்கையில், விடுப்பில் செல்லும் நாளைவிட, விடுப்பிலிருந்து திரும்பும் நாளையே நான் கவனமாகப் பார்த்து வந்தேன்.

தொலைபேசியிலும் திரும்பும் வேளையின் இடர்கள் இவையேயாகும். அவற்றை ஒவ்வொன்றாக, உண்மையில் நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு காண்போம்.

முதல் நிகழ்ச்சி 1990-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஏ.டி. அண்டு டி. என்னும் நிறுவனத்தின் நெடுந்தொலைவுத் தொலைபேசி வலை அந்நாட்டு வாணிபத்தின் நரம்பு மண்டலமாக விளங்கியது. அதில் 114 பெரிய இணைப்பு நிலையங்கள் இருந்தன. அன்று பிற்பகல் நியூயார்க் நிலையத்தில் சிறு கோளாறு ஒன்று தோன்றியது. விதிப்படி அந்த நிலையம் அண்டை நிலையங்களுக்கு, 'சற்று நேரம் எனக்கு அழைப்பு அனுப்பாதீர்கள்' என்று அறிவித்துவிட்டு, சில விநாடிகளில் தன்னைச் சரிசெய்துகொண்டது. இதுவரை எல்லாம் செம்மையாகவே நடந்தது. கேடு விளைந்தது அது திரும்பி வந்தபோது.

முன்னர், திரும்பி வந்த நிலையம், 'நான் வந்துவிட்டேன்' என்று தனியே ஒரு செய்தி அனுப்பும். 1989 டிசம்பரில் மென்பொருளை மாற்றியமைத்தனர். அதன்படி, தனிச் செய்தி வேண்டுவதில்லை; அது அழைப்புகளை அனுப்பத் தொடங்கினாலே, அண்டை நிலையங்கள் அதன் வருகையை உணர்ந்து தம் குறிப்பேட்டைத் திருத்திக்கொள்ளும். நேரத்தை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு. ஆனால், குறிப்பேட்டைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே, ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்குள் இரண்டாவது அழைப்புச் செய்தி வந்துவிட்டால், நிரலில் இருந்த ஒரு சிறு பிழை காரணமாக, திருத்தும் நிலையமே தன் நினைவு கெட்டுத் தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும் நிலைக்குப் போயிற்று. அதன் துணை மூளை பொறுப்பேற்றது. துணையிலும் அதே மென்பொருள், அதே பிழை! அது மீண்டு எழுந்து அழைப்புகளை அனுப்பத் தொடங்கியதும், அதன் அண்டை நிலையங்கள் வீழ்ந்தன. அவை எழுந்தபோது முன்னவை மறுபடியும் வீழ்ந்தன. இவ்வாறு, ஒவ்வொரு நிலையமும் நலம்பெற்று எழும்போது அடுத்த நிலையத்தை நோயில் தள்ளியது. சுமார் 9 மணி நேரம் அந்நிறுவனத்தின் நெடுந்தொலைவு அழைப்புகளில் ஏறத்தாழப் பாதி சென்று சேரவில்லை. வலையில் செய்திகளின் சுமையைக் குறைத்த பிறகுதான் நிலையங்கள் அமைதியுற்றன. பின்னர்ப் பழைய மென்பொருளுக்கே திரும்பினர்.

மாணவர்களே, இந்த நிகழ்ச்சியில் கவனிக்கவேண்டியவை இரண்டு. வீழ்ச்சி எவருக்கும் தீங்கு செய்யவில்லை. மீட்சியே தீங்கு செய்தது. இரண்டாவதாக, தலைமையும் துணையும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தால், ஒன்றின் குறை மற்றொன்றின் குறையாகவும் இருக்கும். பெட்டி கெட்டால் துணைப் பெட்டி காக்கும்; நிரல் கெட்டிருந்தால் துணைப் பெட்டியும் காவாது.

இரண்டாவது இடர், மாற்றாள் பணிசெய்த காலத்தில் எழுதிய கணக்கைப் பற்றியது. இதற்குத் தொலைபேசித் துறைக்கு வெளியே ஒரு தெளிவான சான்று உண்டு. உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் என்னும் நிலையத்தில், 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், பராமரிப்பு வேலையின்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஓர் இணைப்பு அறுந்தது. அறுந்திருந்த நேரம் 43 விநாடி. அதற்குள், தலைமைப் பொறுப்பு தானாகவே மேற்குக் கரைக்கு மாறிவிட்டது. இணைப்பு மீண்டதும் பார்த்தால், கிழக்கில் எழுதிய சில கணக்குகள் மேற்கில் இல்லை. மேற்கில் எழுதியவை கிழக்கில் இல்லை. உடனே திரும்பியிருந்தால் ஒரு பக்கத்துக் கணக்கை இழந்திருப்பார்கள். விரைவைவிடக் கணக்கின் நேர்மையே பெரிது என்று அவர்கள் முடிவுசெய்து, பொறுமையாகச் சீர்செய்தனர். முழுச் சேவை திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. 43 விநாடி எங்கே, ஒரு நாள் எங்கே! திரும்புவதன் அருமையை இந்த இரு எண்களே சொல்லும்.

மூன்றாவது இடர் கூட்ட நெரிசல். தலைமைக் கணிப்பொறி எழுந்துவிட்டது என்று அறிந்த நொடியில், இருநூறு தொலைபேசிகளும் ஒரே சமயத்தில் அதனிடம் பதிவு செய்யப் பாய்ந்தால், அப்போதுதான் எழுந்த அது மூச்சுத் திணறி மறுபடியும் விழும். திருவிழா முடிந்து, கோவில் வாயிலில் எல்லாரும் ஒரே சமயத்தில் நெருக்குவது போன்றது இது. இதைத் தவிர்க்க, இணையவழித் தொலைபேசிக்கான விதி நூல் ஒன்றில் 2009-ஆம் ஆண்டு ஓர் அழகிய முறை வகுக்கப்பட்டது. பதிவு தவறினால் தொலைபேசி உடனே மறுபடி முயலக்கூடாது. முதலில் குறுகிய நேரம் காத்திருக்க வேண்டும்; மீண்டும் தவறினால் அந்த நேரத்தை இருமடங்காக்க வேண்டும்; இவ்வாறு உயர்ந்து உயர்ந்து அரை மணி நேரம் வரை செல்லலாம். அன்றியும், கணக்கிட்ட நேரத்தின் பாதிக்கும் முழுமைக்கும் இடையே ஏதேனும் ஒரு நேரத்தை ஒவ்வொரு தொலைபேசியும் சீட்டுக் குலுக்குவதுபோல் தானே தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வாறாயின் இருநூறு பேரும் ஒரே நொடியில் கதவைத் தட்டமாட்டார்கள். கணிதத்தில் நீங்கள் பயிலும் நிகழ்தகவு இங்கே வாயிற்காவலன் வேலை செய்கிறது.

2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஆகியவை உலகெங்கும் சுமார் 6 மணி நேரம் நின்றுபோனதை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அந்த ஆண்டுத் தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் முன்னர் நேர்ந்தது அது. இணைப்பு மீண்ட பிறகும் அந்நிறுவனத்தார் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. சேவை நின்றிருந்தபோது அவர்களுடைய கணிப்பொறி நிலையங்களின் மின்செலவு பல மெகாவாட் குறைந்திருந்தது. அந்தச் சுமை திடீரென்று ஏறினால் மின்னமைப்பே நிலைகுலையும் என்று அவர்கள் அஞ்சினர். நிலையங்களை வேண்டுமென்றே நிறுத்தி மீட்கும் ஒத்திகையை முன்னரே பலமுறை நடத்தியிருந்தமையால், சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றிக் கரை சேர்ந்தனர்.

நான்காவது இடரை நம் ஊர் நிகழ்ச்சி ஒன்றால் விளக்குகிறேன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் சிவகாசிப் பகுதியில் தொலைபேசி அமைப்புகளைப் பராமரிக்கும் தொழில் செய்கிறார். அவர் கூறியது இது. ஓர் அச்சகம், ஊருக்கு ஒருபுறம் அலுவலகம், மறுபுறம் காகிதக் கிடங்கு. ஐப்பசி மழையில் இடி தாக்கித் தலைமைக் கருவி நின்றது. விருதுநகர்க் கிளையிலிருந்த துணைக் கருவி ஒரு நிமிடத்துக்குள் பொறுப்பேற்றது. அன்று மாலை, மழைநீர் ஒழுகியதால் கிடங்கின் காவலர், தாம் வழக்கமாக இருக்கும் அறையைப் பூட்டிவிட்டு வாயில் அறைக்கு மாறினார். கிடங்கு எண்ணுக்கு வரும் அழைப்பு இனி வாயில் அறைக்குச் செல்லுமாறு துணைக் கருவியில் மாற்றி எழுதினர். மறுநாள் முற்பகல் தலைமைக் கருவி சீரானது. பருவ காலமாதலால் நிருவாகத்தார் அவசரப்பட்டனர். உடனே பழைய கருவிக்குத் திரும்பினர். எல்லாத் தொலைபேசிகளும் பேசின. கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. அனைவரும் மகிழ்ந்தனர்.

அன்று இரவு, கிடங்கின் பின்புறம் புகை தெரிவதாக அக்கம்பக்கத்தார் அலுவலகத்துக்குச் சொன்னார்கள். அலுவலகத்தில் இருந்தவர் கிடங்கு எண்ணை அழைத்தார். மணி அடித்தது, எடுப்பார் இல்லை. மறுபடியும் அழைத்தார், மறுபடியும் மணி அடித்தது. துணைக் கருவியில் எழுதிய மாற்றம் தலைமைக் கருவிக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே, பூட்டிய அறைக்குள், ஆளில்லாத மேசையின்மேல் அந்த மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் விரைந்து சென்று காவலரை எழுப்பினான். கழிவுக் காகிதம் சில கட்டுகள் எரிந்ததோடு போயிற்று. அது காகிதக் கிடங்கு. வெடிமருந்துக் கிடங்காக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் எண்ணத்துக்கே விட்டுவிடுகிறேன். முற்றிலும் ஊமையான தொலைபேசியால் நேரும் தீங்கு சிறிது. அது கெட்டுவிட்டது என்று உடனே தெரிந்துவிடும், நாம் வேறு வழி தேடுவோம். நலமாக இருப்பதுபோல் தோன்றி, தவறான இடத்தில் ஒலிக்கும் தொலைபேசியே நம்மை ஏமாற்றுவது.

இனி, இந்த இடர்களைத் தவிர்க்க வல்லுநர்கள் கடைப்பிடிக்கும் முறைகளைத் தொகுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, காரணம் தெரியாமல் திரும்பலாகாது. தலைமைக் கருவி ஏன் வீழ்ந்தது என்று அறியாமல் அதனிடம் வேலையைக் கொடுத்தால், அது எந்த நேரத்திலும் மறுபடி வீழலாம். வீழ்வதும் எழுவதுமாக ஊசலாடும் கருவி, நின்றுவிட்ட கருவியைவிடக் கேடானது.

இரண்டாவது, காத்திருத்தல். பழுது நீங்கிய கருவியை வேலையின்றிச் சில மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தைச் சிவகாசிக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரியில் தீ வைத்தும் வெடிக்காத வெடியின் அருகே உடனே போகக்கூடாது என்பதை அவர்கள் நடை பழகும்போதே கற்றுவிடுகிறார்கள். வீட்டு ஜெனரேட்டரிலும் இதே வழக்கந்தான். மின்வாரிய மின்சாரம் வந்த நொடியிலேயே எவரும் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவதில்லை; சில நிமிடம் நிலைத்திருக்கிறதா என்று பார்த்தே மாற்றுகிறோம்.

மூன்றாவது, ஒருவரே தலைவர். ஜெனரேட்டருக்கு மாற்று விசை வைப்பது, இரு மின்சாரமும் ஒரே கம்பியில் கலவாமல் இருப்பதற்காக. கலந்தால், கம்பத்தின்மேல் நிற்கும் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து. தொலைபேசியிலும் இரு கருவிகளுக்கிடையே உள்ள கம்பி மட்டும் அறுந்துவிட்டால், துணைக் கருவி தலைமை இறந்ததென்று எண்ணித் தானும் ஆளத் தொடங்கும், தலைமையும் ஆண்டுகொண்டிருக்கும். ஆகவே, ஒன்று முற்றிலும் விலகிவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பின்னரே மற்றொன்றைத் தலைமையாக்க வேண்டும். இயந்திரம் தானாகவே திரும்பும் வசதி பல அமைப்புகளில் உண்டு. அனுபவம் மிக்க பலர் அதை நிறுத்திவைத்து, மனிதர் பார்த்து ஆணையிட்டால் மட்டும் திரும்புமாறு அமைக்கின்றனர். இரு கருவிகளும் சம ஆற்றல் உடையவையாயின், திரும்பவே வேண்டுவதில்லை; துணையே தலைமையாகவும், பழைய தலைமை துணையாகவும் இருந்துவிடலாம்.

நான்காவது, கணக்கை ஒப்படைத்தல். மாற்றுக் காலத்தில் எழுதிய எண் மாற்றங்கள், பதிவான குரற்செய்திகள், புதிய இணைப்புகள் ஆகிய அனைத்தையும் தலைமைக்கு நகல் செய்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். சரிபார்த்து முடியும் வரை புதிய மாற்றம் எதையும் எழுதலாகாது.

ஐந்தாவது, காலமும் அளவும் அறிதல். அழைப்புகள் குறைந்த இரவு நேரத்தைத் தேர்ந்தெடுத்து, அனைவருக்கும் முன்கூட்டியே அறிவித்து, முதலில் நான்கைந்து தொலைபேசிகளை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு பகுதி பகுதியாக ஏனையவற்றை. பேசிக்கொண்டிருப்பவரின் பேச்சை வெட்டலாகாது. மழைக்குமுன் கண்மாயைப் பழுதுபார்ப்போர், வரத்துக் காலை வேறு கண்மாய்க்குத் திருப்பிவிட்டு, உள்ளே உள்ள நீரை மடை வழியே வடியவிடுவர் அல்லவா? அவ்வாறே, புதிய அழைப்புகளைத் தலைமைக்குத் திருப்பிவிட்டு, துணையில் நடக்கும் பேச்சுகள் தாமாக முடியும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

ஆறாவது, சோதித்தல். உள்ளே வரும் அழைப்பு, வெளியே செல்லும் அழைப்பு, இரு பக்கமும் குரல் கேட்கிறதா என்பது, ஒவ்வொரு எண்ணும் உரிய அறையில்தான் ஒலிக்கிறதா என்பது ஆகிய யாவற்றையும் மனிதர் காதால் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். 112, 101, 108 ஆகிய அவசர எண்களுக்கு வழி சரியாக உள்ளதா என்பதை, உரிய கட்டுப்பாட்டு அறைக்கு முன்னறிவிப்புக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். பச்சை விளக்கை நம்பி வீட்டுக்குப் போய்விடக்கூடாது.

ஏழாவதாகச் சொல்வது பலரும் மறந்துவிடுவது. தலைமை திரும்பியதோடு வேலை முடிந்துவிடவில்லை. துணைக் கருவி மறுபடியும் துணையாக விழித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் விட்டால், அடுத்த இடி விழும் நாளில் தாங்குவதற்கு எவரும் இரார். நடந்தவற்றை நாள், நேரத்துடன் பதிவேட்டில் எழுதிவைத்தால்தான் இயல்பு நிலை திரும்பியதாகக் கொள்ளலாம்.

உங்களில் பலர் நாளை பொறியாளர்களாகவும், மருத்துவர்களாகவும், வணிகர்களாகவும், ஆசிரியர்களாகவும் விளங்கப்போகிறீர்கள். எந்தத் துறையிலும், இடுக்கண் நேரும்போது ஓடிவந்து தாங்குபவரை உலகம் பாராட்டும். அது நன்றே. ஆனால், இடுக்கண் தீர்ந்த பின், ஊர் உறங்கும் நேரத்தில், பதிவேட்டைப் புரட்டி, ஒவ்வொரு மணியும் சரியான அறையில் ஒலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பவரை எவரும் பார்ப்பதில்லை. அவருக்கு மாலை போடுவாரும் இல்லை. ஆயினும், மறுநாள் காலையில் ஊர் வழக்கம்போல் பேசுவது அவரால்தான். நம் மாவட்டத்தில், வழக்கம்போல் பேசுவது என்பது சில நாள்களில் வழக்கம்போல் உயிரோடிருப்பது என்றும் பொருள்படும். இந்த வேலை உங்கள் கைக்கு வரும் நாளில் அவசரப்படுத்துவோர் பலர் இருப்பர். அவர்களிடம் பணிவோடு, 'இன்னும் ஓர் எண்ணைச் சோதிக்க வேண்டியிருக்கிறது' என்று சொல்லும் மனவுறுதியை இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள்.